கேள்விக்குறி மின்னும் மெஷின்கள்

ஓஎஸ் அடிப்பதற்கு இவ்வளவு காசா என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் நல்ல உத்தியோகம் பார்த்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள். கண்டி நகரத்தில் போன் கவர் விற்கிற கடையிலும் ‘எல்லாக் கம்பியூட்டருக்கும் ஓஎஸ் போட்டுத் தரப்படும்’ என்று தாள் ஒட்டியிருக்கிறதாம். அங்கே ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலைக்கு நீங்கள் ஏன் மூன்று நாள் சொல்கிறீர்கள் என்பது அவர்களுடைய வாதம். அண்மையில் ஒருவரோடு வந்த மருமகன் என் முகத்துக்கு நேரே சொன்னார்: “அங்கிள், கொமாண்ட் ஆர் அமுக்கிட்டு ரீஇன்ஸ்டோல் குடுத்தா அது தானா போட்டுக்கும்.” தானாகப் போட்டுக்கொள்ளும் மெஷின் ஏன் என் மேசைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. மெக் திருத்துகிற இந்தக் கடையை மூடப் போகிறவன் வாய்ச்சண்டை பிடித்து என்ன பயன். அவருக்குச் சொல்லாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மருமகன் சொன்னது பொய்யில்லை. 2011இல் ஆப்பிளின் லயன் ஓஎஸ் வந்ததிலிருந்து மீட்புப் பகுதி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. கொமாண்ட் ஆரோடு ஒப்ஷனையும் ஷிஃப்டையும் சேர்த்தால், மெஷின் வாங்கியபோது இருந்த ஓஎஸ் இன்டர்நெட்டிலிருந்து இறங்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, எப்போது அமுக்கக் கூடாது என்பது.

மத்திய 2012 மெக்புக் ப்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள், பதின்மூன்று அங்குலம். ஆப்பிள் செய்த கடைசி நல்ல லெப்டொப் அதுதான் என்பேன், மறுப்பவர்கள் மறுக்கட்டும். ரெம் மாற்றலாம், டிஸ்க் மாற்றலாம், டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க்கைப் பூட்டலாம். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, மூன்று நீளம், ஏழு கட்டை. 2016 ஒக்டோபர் வரை ஆப்பிள் இதை விற்றது. கண்டியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய மெக்குகளில் என் கைக்கு அதிகம் வருவது இதுதான். பேராதனையில் படிப்பிக்கிறவர்கள், கல்யாணப் படம் எடுக்கிறவர்கள், லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கிற அண்ணன் புதிது வாங்கியதும் கொடுத்துவிட்ட பழையதை வைத்திருக்கிறவர்கள்.

இந்த மெஷினுக்கு ஒரு பிறவி நோய் உண்டு. ஒருநாள் திறந்தால் சாம்பல் நிறத் திரையில் கோப்புறைப் படம், நடுவில் கேள்விக்குறி, மின்னி மின்னி மறையும். துவக்குவதற்கு ஓஎஸ் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ‘டிஸ்க் போய்விட்டது’ என்று கடைக்காரர் சொல்வார். ரீஇன்ஸ்டோல் கொடுத்தால் முக்கால்வாசி போய் நின்றுவிடும். டிஸ்க் யூட்டிலிட்டி அழிக்க முடியவில்லை என்று சொல்லும், அடுத்த முறை அழித்தும் விடும். புது எஸ்எஸ்டி வாங்கிப் போடுவார்கள். சில நாள் பறக்கும். பிறகு அதே கேள்விக்குறி. ‘எஸ்எஸ்டி டூப்ளிகேட்’ என்று இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் போனால் ‘மதர்போர்ட்’ என்று சொல்லி மூடிக் கொடுத்துவிடுவார்கள்.

குற்றவாளி ஒரு கேபிள். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற, தாள் மாதிரி மெல்லிய பட்டைக் கேபிள். அது டிஸ்க்குக்கும் அலுமினிய உடம்புக்கும் இடையில் நசுங்கிக்கொண்டு போகிறது. உடம்பின் உட்பக்கம் கடைசல் முடிந்து வழவழப்பாக்கப்படாத பரப்பு. டைப் செய்யும்போது உள்ளங்கை அழுத்துகிறது, பையில் போட்டு பஸ்ஸில் போகும்போது அதிர்கிறது, கேபிள் அரைபடுகிறது. அறுந்துபோனால் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். இது அறுவதில்லை, விட்டுவிட்டு வேலை செய்யும். பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாக ஓடுவதால் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். எஸ்எஸ்டி முழு வேகத்தில் தரவை அனுப்பத் தொடங்கியதும் கேபிளின் பலவீனம் வெளியே வந்துவிடும். புது டிஸ்க் போட்ட பிறகு நோய் கூடுகிற விசித்திரம் இதனால்தான்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, ஒப்ஷனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து துவக்குங்கள். துவங்கினால் டிஸ்க் நிரபராதி. இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் அட்டவணையைத் திறந்து பாருங்கள். 5ஆம் இலக்கமும் 197ஆம் இலக்கமும் ஏறியிருந்தால் டிஸ்க்கின் தட்டு கெட்டுவிட்டது. அவை பூச்சியமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டு போனால் வழியில்தான் கோளாறு. டிஸ்க் யூட்டிலிட்டி இந்த இலக்கங்களைக் காட்டாது, ‘வெரிஃபைட்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். அந்தச் சொல்லை நம்புகிறவர்களை நான் நம்புவதில்லை.

இந்த 2012 மெஷினில் முதலில் வந்த கேபிளின் இலக்கம் 821-1480. பிறகு வந்தது 821-2049. நான் பின்னதையே தேடிப் பிடிப்பேன். பூட்டுவதற்கு முன் அது படுக்கிற இடத்தில், உடம்பின் மீது, ஒரு வரி டேப் ஒட்டுவேன். மூலைகளில் மடித்து நகத்தால் தேய்க்கக் கூடாது, வளைத்துத்தான் விட வேண்டும். டேப் ஒட்டாமல் பூட்டினால் அதே வேலைக்கு அதே ஆள் திரும்பி வருவார். சில கடைகளுக்கு அது வியாபாரம்.

மருமகனோடு வந்தவர் கதை இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டப் பாடசாலைகளில் வேலை பார்த்த காலத்துப் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். கேள்விக்குறி மின்னியதும் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் டிஸ்க்கை அழித்து ஓஎஸ் போட்டார்கள். போட்டது நிற்காததால் மறுபடியும் அழித்தார்கள். கேபிள் செய்த குற்றத்துக்கு டிஸ்க்குக்குத் தண்டனை. என்னிடம் வந்தபோது டிஸ்க் நல்ல சுகத்தோடு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. புது ஓஎஸ் ஏறி உட்கார்ந்த இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. மிச்சத்தைத் தோண்டி எடுத்தேன். அப்படித் தோண்டும்போது படம் வரும், கோப்பின் பெயர் வராது, எந்தக் கோப்புறையில் இருந்தது என்பதும் வராது. எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று அவர் பெயரில்தான் எழுதி வைத்திருந்தாராம். இதற்குத்தான் மூன்று நாள். இதற்குத்தான் காசு.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர் அக்குறணைப் பக்கத்து மாஸ்டர். அச்சகங்களுக்கு மெக் திருத்திக் கொடுத்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்க்ரூ ட்ரைவரையே தொட விடவில்லை. ஒரு அட்டைப் பெட்டி மூடியில் மெஷினின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றுகிற ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் குத்தி வைக்கச் சொன்னார். அடுத்தது, டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்க விட்டார். “மகன், டிக் டிக்னு கேட்டா கரண்ட எடு. ஒன்டும் செய்யாதே.” டிஸ்க் தட்டிக்கொண்டிருக்கும்போது ரிப்பேர் கொடுப்பது, ஸ்கேன் ஓட விடுவது எல்லாம் கொலை என்பார். முதலில் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும். பிரதியில்தான் கை வைக்க வேண்டும். இன்று நான் டிடிரெஸ்கியூ ஓட்டுகிறேன். வாசிக்க முடிந்த பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, முடியாதவற்றைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வரும் அது. இந்த மென்பொருளை மாஸ்டர் பார்த்ததில்லை. ஆனால் அவர் கையால் செய்த ஒழுங்கு அதே ஒழுங்குதான். அழிக்கிறதற்கு முன் சொந்தக்காரரின் வாயால் ‘அழி’ என்று கேட்க வேண்டும் என்பதும் அவருடைய சட்டம். எழுதி வாங்கினாலும் போதாது, வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போதுதான் ‘கொஞ்சம் பொறுங்க, மகளின்ட படம் இருக்கு’ என்று ஞாபகம் வரும். அது எத்தனை தடவை நடந்ததென்று எனக்குத்தான் தெரியும்.

நேரம் காட்டுகிற தொல்லை வேறு. அலுமாரியில் கிடந்த லெப்டொப்பின் பெட்டரி முழுக்க வற்றினால் அதன் நாட்காட்டி 2001 ஜனவரி 1க்குப் போய்விடும். பிறகு இன்டர்நெட் வழியாக மீட்கப் பார்த்தால், ஆப்பிளின் சேர்வர் காட்டுகிற சான்றிதழ் இன்னும் பிறக்காத திகதியுடையது என்று மெஷின் நிராகரிக்கும். திரையில் வருவது ‘மீட்பு சேர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்ற வசனம். கடைப் பையன்கள் திகதியைப் பார்க்காமல் ரவுட்டரைக் கழற்றி மாட்டுவார்கள்.

இதற்கு நேர் எதிரானது இன்னொன்று. சியரா, எல் கெபிட்டான் மாதிரி பழைய இன்ஸ்டோலர்களின் சான்றிதழ் 2019 ஒக்டோபர் 24ஆம் திகதி காலாவதியானது. அதற்கு முன் இறக்கி பென் டிரைவில் வைத்திருந்தவை எல்லாம் ஒரே நாளில் ‘கோப்பு பழுதாகியிருக்கலாம்’ என்று சொல்லத் தொடங்கின. கோப்பில் ஒரு பழுதும் இல்லை. ஆப்பிள் புதிய சான்றிதழோடு திரும்ப வெளியிட்டது, அதை இறக்கிக்கொள்ளலாம். அல்லது வைஃபையை நிறுத்திவிட்டு, டேர்மினலைத் திறந்து, திகதியை 2018க்குத் தள்ளினால் போதும்: ‘டேட்’ என்று அடித்து 0601120018. மாதம், நாள், மணி, நிமிடம், வருஷம். ஒரு மெஷினை முன்னுக்குத் தள்ள வேண்டும், மற்றதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இரண்டுக்கும் ‘நெட் ஸ்லோ’ என்று காரணம் சொல்லி ஐந்தாறு ஜிபியைத் திரும்பத் திரும்ப இறக்குகிறவர்களை என்ன செய்வது?

அச்சகங்களைச் சொல்லாமல் விட முடியாது. கண்டியில் கல்யாணக் கார்டிலிருந்து கும்பாபிஷேக மலர் வரை தமிழில் அச்சடித்த அச்சகங்கள் இருந்தன. தி. ஞானசேகரன் ‘ஞானம்’ இதழை 2000ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் தொடங்கினார். அந்தக் காலத்துப் பக்கங்களைப் பலர் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்தில் கட்டினார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001இல். மெக்கில் அது பழைய ஓஎஸ் 9க்கானது. ஓஎஸ் டென் வந்த பிறகு கிளாசிக் என்ற ஏற்பாட்டுக்குள்தான் ஓடும். கிளாசிக் டைகர் என்ற பதிப்போடு முடிந்தது, 2007இல் வந்த லெபர்டில் அது இல்லை. ஓஎஸ் டென்னுக்கென்று, பழைய பவர்பிசி சிப்புக்காகச் செய்த மென்பொருள்களும் 2009இல் வந்த ஸ்னோ லெபர்ட் வரைதான் இன்டெல் மெஷினில் ஓடின. லயன் அதையும் நிறுத்தியது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், எழுத்துரு இல்லாத மெஷினில் ஒரு சிறப்பு மலர் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் தெரியும். 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களையும் கைவிட்டது.

ஆகவே ஒரு அச்சகத்தில் மூலையில் ஒரு பழைய ஜி4 மெக் தூசி பிடித்துக் கிடக்கிறதென்றால் அதைத் தொடாதீர்கள். அது பழைய பக்கங்களைத் திறப்பதற்கு மிஞ்சியிருக்கிற சாவி. ‘அப்டேட் பண்ணித் தாறேன்’ என்று வருகிற பையனை உள்ளே விடாதீர்கள். இன்டெல் மெஷினிலும் அப்படித்தான். 2019இல் வந்த கெட்டலினாவை ஏற்றிவிட்டால் 32 பிட் மென்பொருள் ஒன்றுமே திறக்காது. காசு கொடுத்து வாங்கிய பழைய அடோபி தொகுதி வெறும் படமாக நிற்கும்.

நாடு நெருக்கடியில் விழுந்த 2022ஐ மறக்க மாட்டேன். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. யூபிஎஸ் இல்லாத ஐமெக்குகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. ரூபா விழுந்தது, புதிது வாங்க வழியில்லை. அலுமாரியில் கிடந்தவை எல்லாம் வெளியே வந்தன. என் வாழ்க்கையிலேயே அதிக வேலை அந்த வருஷம்தான். உதவிக்கு வந்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கையும் ஓடும். கேட்கிற பொறுமைதான் இல்லை. 2012 ஐமெக்கில் ஃப்யூஷன் டிரைவ் என்று சின்ன எஸ்எஸ்டியும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் ஒரே டிஸ்க்காகக் கட்டப்பட்டிருக்கும். கட்டு அவிழ்ந்து இரண்டாகத் தெரிந்தால், ‘ஒன்று வெறுமை’ என்று அதை அழித்துவிடுவார்கள். இரண்டிலும் பாதிப் பாதியாக இருந்தது அத்தோடு சரி.

ஓபன்கோர் லெகசி பெட்சர் என்ற மென்பொருளால் இப்போது பழைய மெஷினில் புது ஓஎஸ் ஏற்றுகிறார்கள். அருமையான வேலை அது, செய்தவர்களுக்குக் கை கூப்புகிறேன். என் குறை ஏற்றுகிறவர்களைப் பற்றியது. சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஆப்பிளின் புதிய கோப்பு முறையான ஏபிஎஃப்எஸ் போட்டு ஏற்றி, மெஷின் ஆமையானதும் ‘பழசுதானே’ என்கிறார்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் திரும்பப் பெட்ச் செய்ய வேண்டும் என்று சொந்தக்காரருக்குச் சொல்வதில்லை. சொன்னால் இரண்டாவது தடவை காசு வராதே.

என் தொழிலுக்கு வயது முடிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். 2018இலிருந்து வந்த மெக்புக் ப்ரோவில் டிஸ்க் போர்டிலேயே ஒட்டியிருக்கிறது, டி2 சிப்போ அதற்குப் பின் வந்த ஆப்பிளின் சொந்தச் சிப்போ அதைப் பூட்டி வைத்திருக்கிறது. போர்ட் செத்தால் உள்ளே இருப்பதும் செத்தது. கேபிளும் இல்லை, யூஎஸ்பி கேஸும் இல்லை, காது வைத்துக் கேட்க ஒரு சத்தமும் இல்லை. அங்கே மருமகன் சொன்னதுதான் சரி.

தைப்பொங்கலோடு கடையைப் பூட்டுகிறேன். திருத்தி முடித்து, ஆள் வராமல் ராக்கையில் கிடக்கும் மெஷின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயரும் கொண்டுவந்த திகதியும் எழுதி ஒட்டியிருக்கிறேன், எடுத்த பிரதியும் பக்கத்தில் இருக்கிறது. உங்களுடையது இருந்தால் வந்து எடுத்துப் போங்கள். வரும்போது டிஸ்க்கைப் பூட்டுகிற ஃபைல்வோல்ட் பாஸ்வேர்டை ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் என்னாலும் திறந்து காட்ட முடியாது.