கழுதையும் காலண்டரும்

எங்க அய்யா (அப்பாவோட அப்பா) வீடு ராமநாதபுரத்துல கேணிக்கரை பக்கம். முன் அறைச் சுவத்துல ஒரே ஒரு மனுஷர் படம்தான் இருக்கும், நேதாஜி. மத்ததெல்லாம் சாமி படம். ஜனவரி 23 அன்னைக்கு அந்தப் படத்துக்கு மட்டும் கதம்ப மாலை. சின்ன வயசுல நான் அவரும் ஒரு சாமி போலன்னே நெனச்சிருக்கேன்.

இப்ப அந்தப் படத்தால எனக்கும் பெரியப்பாவுக்கும் ஆறு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம போன கதையைச் சொல்லணும்.

போன வருஷம் இரண்டாம் உலகப்போர் காலத்துக் கார்ட்டூன்கள் பத்திப் படிச்சிட்டு இருந்தேன். அப்ப கண்ணுல பட்டது கம்யூனிஸ்ட் கட்சியோட 'பீப்பிள்ஸ் வார்' வாரப் பத்திரிகை. 1941 ஜூன்ல ஹிட்லர் சோவியத் யூனியன் மேல பாய்ஞ்சதும், அதுவரைக்கும் ஏகாதிபத்தியப் போரா இருந்தது கட்சிக்கு மக்கள் போரா மாறிப்போச்சு. 1942-ல கட்சி மேல இருந்த தடையும் நீங்குச்சு. ஜப்பானோடு கைகோத்த சுபாஷ் சந்திர போஸ் அந்தப் பத்திரிகையில துரோகி ஆனார். ஒரு படத்துல அவர் கழுதை, மேல சவாரி பண்றது ஜப்பான் பிரதமர் டோஜோ.

நான் சும்மா இருந்திருக்கலாம். படத்தை எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல போட்டு, "நம்ம வீட்டுச் சாமியை இப்படியும் பாத்திருக்காங்க"ன்னு ஒரு வரி வேற எழுதினேன். அஞ்சு நிமிஷத்துல பெரியப்பா குழுவை விட்டு வெளியேறிட்டார். போன் பண்ணினா எடுக்கலை. :-(

கோபம் நியாயம்தான். அந்தக் கார்ட்டூன் சொன்னது பொய். கழுதைக்குன்னு சொந்தமா ஒரு யோசனை கிடையாது. போஸ் அப்படியா? 1941-ல வீட்டுக்காவல்லேர்ந்து தப்பி காபூல் போனவர், முதல்ல நாடியது சோவியத் உதவியைத்தான். அது கிடைக்காம பெர்லின் போனார். 1943 ஜூலையில சிங்கப்பூர் வந்தப்புறம், இந்திய தேசிய ராணுவத்தை ஜப்பான் படையோட ஒரு பிரிவா இல்லாம, கூட்டாளிப் படையா நடத்தணும்னு திரும்பத் திரும்ப மல்லுக்கட்டினார். அந்த மதிப்பீடு தப்புன்னு பின்னாளில் ஜோதிபாசு உட்பட அந்தக் கட்சித் தலைவர்களே ஒத்துக்கிட்டாங்க.

ஆனா இத்தோட நிறுத்தினா நானும் பாதிக்கதை சொன்னவன் ஆயிடுவேன். மீதிக்கதை எங்க வீட்டுலயே இருக்கு.

அய்யாவும் அவரோட அண்ணனும் 1937-ல நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்கு போனவங்க. ரப்பர் தோட்ட வேலை. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடிச்சப்புறம் சயாம்-பர்மா ரயில்பாதை போட ஆள் தேவைப்பட்டுச்சு. 1942-43-ல, காட்டுக்குள்ள 415 கிலோமீட்டர். தோட்டத் தமிழர்களை ஆசை காட்டியும் மிரட்டியும் லாரியில ஏத்தினாங்க. காலரா, மலேரியா, பட்டினி, அடி. ஆயிரம் ஆயிரமாச் செத்தாங்க. அண்ணன் போனார், திரும்பலை. அதே 1943-ல தம்பி, அதாவது எங்க அய்யா, நேதாஜி படையில சேர்ந்தார்.

அண்ணனைக் கொன்னவனோட கூட்டாளிப் படையில தம்பி!

அந்தமான் கதை இன்னும் கசப்பு. 1943 டிசம்பர் 30-ல நேதாஜி போர்ட் பிளேர்ல மூவர்ணக்கொடி ஏத்தினார். அந்த நேரத்துல ஜப்பான்காரன் உளவாளின்னு சந்தேகப்பட்டுப் பிடிச்ச இந்தியர்கள் அங்கே செல்லுலார் சிறைக்குள்ள சித்திரவதைப்பட்டுட்டு இருந்தாங்க. டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரி 14-ல செத்தார். ஜனவரி 30-ல ஹம்ஃப்ரிகஞ்சுல 44 பேரைச் சுட்டுக் கொன்னாங்க. கொடி ஏத்தி சரியா ஒரு மாசம்.

நம்ம காலண்டர் படத்துல இது எதுவும் இருக்காது. சீருடை, சல்யூட், பின்னாடி தேசப்படம், அவ்வளவுதான். கார்ட்டூன்காரன் குறையை மட்டும் வரைஞ்சான், காலண்டர்காரன் நிறையை மட்டும் வரைஞ்சான். ரெண்டு பேருமே ஒரு முழு மனுஷனைக் காட்டலை.

கார்ட்டூன்காரருக்கும் இதே அளவுகோல்தான் வைக்கணும். அமெரிக்காவுல டாக்டர் சூஸ்னு ஒருத்தர், குழந்தைங்க புத்தகம் எழுதிப் பேர் வாங்கினவர். 1942-ல அவர் வரைஞ்ச ஒரு படத்துல, அமெரிக்காவுலயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வரிசையில நின்னு வெடிமருந்து வாங்குவாங்க. அந்த மக்களைக் குடும்பம் குடும்பமா முகாம்ல அடைச்ச வருஷம் அது. அதே மனுஷர் 1953-ல ஜப்பான் போனார், அடுத்த வருஷம் வந்த புத்தகத்தை ஒரு ஜப்பானிய நண்பருக்குக் காணிக்கை ஆக்கினார். பின்னாடி எழுதினது முன்னாடி வரைஞ்சதை அழிச்சிடாது. முன்னாடி வரைஞ்சதுக்காகப் பின்னாடி எழுதினதைத் தூக்கி எறியவும் எனக்கு மனசு வரலை.

சரி, அய்யா இதை எப்படித் தாங்கினார்? எனக்குப் பதிமூணு வயசு இருக்கும், நேராவே கேட்டேன். "அய்யா, பெரிய தாத்தாவைக் கொன்ன ஜப்பான்காரனோட நீங்க ஏன் சேந்தீங்க?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "தோட்டத்துல தொரை வந்தா குனிஞ்சே நிப்போம்டா அப்பு. நிமிந்து நில்லுன்னு எனக்குச் சொன்னது இவரு. அண்ணனைக் கொண்டு போனது அவனுக. ரெண்டுமே எனக்கு நடந்ததுதான், எதைடா இல்லேங்கச் சொல்ற?"

அண்ணன் செத்த தேதி தெரியாது. அதனால ஆடி அமாவாசை, தை அமாவாசை ரெண்டுக்கும் ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்துல முங்கி எள்ளும் தண்ணியும் இறைப்பார். வீட்டுக்கு வந்து நேதாஜி படத்துல தூசி தட்டுவார். 1991-ல சாகுற வரைக்கும் ரெண்டையும் விடலை. நேதாஜியைப் பத்தி யாராவது குறை சொன்னா சண்டைக்குப் போகமாட்டார். அவர் வரும்போது "அந்த ரயில் ரோட்டுக்கு அவரு என்ன பண்ணினாரு"ங்கிற கேள்வியை மட்டும் சில சமயம் தனக்குத்தானே முணுமுணுப்பார். பதில் கிடைச்ச மாதிரி எனக்குத் தெரியலை.

இந்தத் தை அமாவாசைக்கு நானா போய் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். பேசாமலேயே கார்ல ஏறினார். பாம்பன் தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தார். முங்கி எந்திரிச்சு, ஈர வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டே, "அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டு"ன்னார்.

காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சிட்டு ரொம்ப நேரம் பாத்தார்.

"படம் தப்புதான். ஆனா எங்க பெரியப்பாவை மனசுல வச்சுக்கிட்டுப் பாத்தா, முழுக்கத் தப்புன்னு சொல்ல நாக்கு வரமாட்டேங்குது. அடுத்த தடவை இந்த மாதிரி எதையாவது போட்டா, பக்கத்துல அவர் கதையையும் சேத்துப் போடு. கிண்டலா மட்டும் போடாதே."

அவர் சொன்னபடிதான் இந்தப் பதிவு. பெரியப்பா இன்னும் குழுவுல திரும்பச் சேரலை, ஆனா போனை எடுக்கிறார். :-)

உங்க வீட்டுச் சுவத்துல யார் படம் இருக்கு மக்களே? அந்தப் படத்துல வராத கதை ஏதாவது இருந்தா எழுதுங்க.