அலமாரிக்குப் பின்பக்கம்

இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் ஆவி நேராக எதிர்ச் சுவரில் போய் மோதியது. ஓஹையோ மாநிலத்தின் இந்தியன் லேக் பூங்காவில், வாடகைக்கு எடுத்த டிரெய்லருக்குள் எங்கள் முதல் காலை அது. 24 அடி நீளம், எட்டடி அகலம். வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் தரை, கறுப்புப் பிடி வைத்த அலமாரிகள். படத்தைப் பார்த்ததுமே, "மாடர்னா இருக்கும்மா" என்று மகள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த வண்டி. வெள்ளைப் பலகைகளை வரிவரியாக அடுக்கி அடித்தது போல இருந்தது சமையல் பக்கத்துச் சுவர். ஆவி படிந்த இடத்தைத் துணியால் துடைத்தேன். ஓரத்தில் பலகை நகக்கண் அளவுக்குத் துணியோடு எழும்பி வந்தது. குனிந்து பார்த்தால், பலகையின் படம் அச்சடித்த மெல்லிய தாள். அதற்கு அடியில் மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய அட்டை.

என் அப்பா தச்சர். யார் வீட்டுக்குப் போனாலும் மேசையின் மேற்பலகையை அவர் முதலில் பார்க்க மாட்டார். இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, அடியையும் பின்பக்கத்தையும் உள்ளங்கையால் தடவுவார். செய்தவன் யார், எவ்வளவு நேரம் செலவழித்தான், எங்கே அவசரப்பட்டான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும் என்பார். அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தப் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது என்பதை அந்தக் காலையில்தான் உணர்ந்தேன்.

நாங்கள் கிளம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளை சொந்தமாக ஒரு டிரெய்லர் வாங்க நினைத்திருந்தார். அவருடைய நண்பர் ஒருவரிடம் 1990-களில் வந்த வண்டி இருக்கிறது. ஓக் மர அலமாரி, பித்தளைப் பிடி, பூப்போட்ட திரை, பழுப்பு மெத்தை. அதில் உட்கார்ந்தால் வீட்டில் இருப்பது போல இருக்கிறது என்பது அவர் கட்சி. மகளுக்கு அந்தப் பழுப்பு நிறமே ஆகாது. இருட்டறை போல மூச்சு முட்டுகிறது என்றாள். பல வாரம் இந்தப் பேச்சு ஓடி, கடைசியில் என்னிடம் வந்து நின்றது. "அத்தை, உங்களுக்கு மரம் தெரியும். நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. கொலம்பஸில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் போகும் 33-ஆம் எண் நெடுஞ்சாலை வடமேற்கே ஓடி, இண்டியானாவின் எல்கார்ட் நகரத்தில் போய் முடிகிறது. அமெரிக்காவின் டிரெய்லர்களில் பெரும்பகுதி அந்த நகரத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த தொழிற்சாலைகளில்தான் பிறக்கிறது. வழியில் சற்று விலகினால் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் செய்கிற ஜாக்ஸன் சென்டர். நான்கு நாள் கையில் இருந்தது.

ஜாக்ஸன் சென்டர் சோள வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர். ஏர்ஸ்ட்ரீம் 1952-இல் இங்கே தொழிற்சாலை போட்டது. பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உள்ளே போனால், காதில் விழும் முதல் சத்தம் ரிவெட் அடிக்கிற சத்தம். இரண்டு பேர் ஜோடியாக நிற்கிறார்கள். ஒருவர் அலுமினியத் தகட்டுக்கு வெளியே துப்பாக்கி போன்ற கருவியுடன். இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்தபடி. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இருவர் கையும் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் ஆணி சரியாக மடிந்து உட்காரும். விமானத்தின் உடலை எழுப்புகிற முறை இது. 1934-இல் ஹாலி பவுலஸ் என்பவர் இப்படி ஒரு டிரெய்லர் செய்தார். லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தைக் கட்டும் வேலையை மேற்பார்த்தவர் அவர். அந்த வழியில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம் 1936-இல் கொண்டுவந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரின் விலை 1,200 டாலர். நான்கு பேர் படுக்கலாம், தண்ணீர்த் தொட்டி உண்டு, மின்விளக்கு உண்டு. சமையலறை இல்லாமல் முகாமுக்கு வரமாட்டேன் என்று அவருடைய மனைவி மரியன் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. எனக்கு அந்த அம்மாளை மிகவும் பிடித்துவிட்டது.

அங்கே நான் நெடுநேரம் நின்றது ஒரு வாசலுக்கு எதிரே. இந்த வண்டிகளுக்கு முதலில் அலுமினியக் கூடு முழுதாக எழும்பிவிடும். பிறகுதான் கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் உள்ளே போக வேண்டும். போகும் வழி அந்த ஒரே கதவு. கதவுக்குள் நுழையாத எதுவும் இந்த வீட்டில் இருக்க முடியாது. உள்ளே போன பிறகு அந்த வளைந்த சுவரோடு பொருந்த வேண்டும். நேர்கோடாக வெட்டிய பெட்டியைக் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்க முடியாது. ஒவ்வொரு துண்டையும் அதற்கென அளவெடுத்துச் செதுக்க வேண்டும். ஓர் இளம்பெண் அலமாரியின் பக்கவாட்டுப் பலகையைச் சுவரில் வைத்துப் பார்ப்பதும், எடுத்து லேசாகத் தேய்ப்பதும், மறுபடி வைப்பதுமாக இருந்தாள். அப்பா கதவு பொருத்தும்போது இப்படித்தான் ஏழெட்டு முறை வைத்து எடுப்பார்.

எங்கள் வீட்டு வழக்குக்கும் அங்கேதான் எதிர்பாராத சாட்சி கிடைத்தது. இன்றைக்கு 'மாடர்ன்' என்று எல்லோரும் கொண்டாடுகிற ஏர்ஸ்ட்ரீம் உள்ளறையில் அலுமினியம் மூடாமல் பளபளவென்று தெரியும். இந்தத் தோற்றம் 2000-இல் வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் டீம், உள்ளே ஒட்டியிருந்த துணியையும் விரிப்பையும் உரித்தெறிந்துவிட்டு, உலோகத்தையும் வளைவையும் கண்ணுக்குத் தெரியும்படி விட்டார். ஆனால் 1950-களிலும் 60-களிலும் இதே வண்டிகளின் உள்சுவர் அலுமினியத்தின் மேல் புள்ளிபுள்ளியாகத் தெளித்த வண்ணப்பூச்சு மட்டும்தான். பிறகு வந்தவர்கள் அதன் மேல் வினைலை ஒட்டினார்கள், துணியை ஒட்டினார்கள், ஓக் அலமாரியை ஏற்றினார்கள். மாப்பிள்ளை 'பாரம்பரியம்' என்று சொல்லிக்கொண்டிருந்த பழுப்பு ஓக், உண்மையில் மகளின் 'நவீன' அலுமினியத்தைவிட இளையது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து வாப்பகொனேட்டா கொஞ்ச தூரம்தான். நீல் ஆம்ஸ்ட்ராங் பிறந்த ஊர். 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய மூவரையும் கடலிலிருந்து எடுத்துக் கப்பலில் ஏற்றி, கிருமி பரவிவிடுமோ என்ற பயத்தில் ஓர் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லருக்குள்தான் அடைத்தார்கள். கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று ஜனாதிபதி நிக்ஸன் பேசினார். நிலாவுக்குப் போய்வந்த மனிதர், தான் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊரில் தொழிற்சாலை வைத்திருந்த நிறுவனத்தின் வண்டியில் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பாதையில் போனேன்.

ஃபோர்ட் வெயின் தாண்டி, லிகோனியர் வழியாகக் கோஷனை நெருங்கும்போது சாலையோரத்தில் கறுப்புக் குதிரை வண்டிகள் தென்படத் தொடங்கின. ஆமிஷ் மக்கள். வீட்டுக்கு மின்கம்பி இழுக்காமல், கார் வைத்துக்கொள்ளாமல் வாழ்கிறவர்கள். ஆனால் இந்த வட்டாரத்து டிரெய்லர் தொழிற்சாலைகளில் ஏராளமான ஆமிஷ் ஆண்கள் வேலை செய்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மரம் பழகிய கைகள். அந்தக் கைகள் இப்போது பெரும்பாலும் செய்வது, தாள் ஒட்டிய பலகைகளை வேகவேகமாகத் திருகாணி போட்டு இணைக்கிற வேலை. அதை நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருந்தது. கூலி நல்ல கூலி, குடும்பங்கள் நன்றாக வாழ்கின்றன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே கட்டும் வரிசை ஜாக்ஸன் சென்டருக்கு நேர் எதிர். முதலில் தரை. அதன் மேல் அலமாரி, கட்டில், கழிவறை எல்லாம் திறந்தவெளியில் உட்காரும். அதற்குப் பிறகு பக்கச் சுவர்கள் எழும்பும், கடைசியாகக் கூரை மூடும். கதவின் அளவு தடையே இல்லை. சுவர் நேராக நிற்பதால் ஒரே அளவுப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் செய்து வைத்துக்கொள்ளலாம். விலை குறைகிறது. சாதாரணக் குடும்பம் ஒன்று கடன் வாங்கியாவது இதில் ஏறிவிடலாம். வாடகை வண்டியின் சுவர் ஏன் தாளாக இருந்தது என்பது எனக்குப் புரிந்தது. இழுக்கிற வாகனத்துக்கு ஏற்ற எடை வேண்டும், விலையும் ஏறக்கூடாது. கனமான மரத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் தாளுக்கு ஏன் மர வேஷம் போட வேண்டும்? வெள்ளைத் தாளாகவே இருக்கட்டுமே. பழைய ஓக் வண்டிகள் பலவற்றிலும் கதவின் சட்டம் மட்டும்தான் மரம், பக்கப் பலகை மர ரேகை அச்சடித்த தாள். பழுப்பு வேஷம் போய் வெள்ளை வேஷம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது அழகு பற்றிய பேச்சு மட்டும் அல்ல. 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு தற்காலிக வீடாகக் கொடுத்தது டிரெய்லர்களைத்தான். ஒரு லட்சத்துக்கும் மேல். உள்ளே குடியேறிய மக்களுக்குக் கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, குழந்தைகளுக்கு மூச்சு இளைத்தது. அழுத்திய பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிந்துகொண்டிருந்தது. வெயிலும் ஈரப்பதமும் ஏற ஏற அது அதிகம் கசியும். சின்ன அறை, சாத்திய ஜன்னல், வெளியேற வழியில்லை. 2008-இல் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளைச் சோதித்து, உள்ளே இருக்கும் காற்றில் அந்த வாயு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு என்று அறிவித்தது. சாதாரண வீடுகளில் இருப்பதைவிட இது மிக அதிகம். 2010-இல் பலகைகளிலிருந்து கசியும் அளவுக்கு வரம்பு விதித்துச் சட்டம் வந்தது. எல்லாவற்றையும் இழந்து, கிடைத்த கூரைக்குள் குழந்தையைத் தூங்க வைத்த தாய்க்கு, அந்தச் சுவரே மூச்சைக் கெடுக்கிறது என்று எப்படித் தெரிந்திருக்கும்? அலமாரிக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அப்பா தடவிப் பார்த்ததை வெறும் தொழில் கர்வம் என்று இனி நான் நினைக்க மாட்டேன்.

எல்கார்ட்டில் உள்ள ஆர்.வி. ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தில் 1913-ஆம் ஆண்டு டிரெய்லர் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டி 'கவர்டு வேகன்'. டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர் வாங்கிய மடக்குக் கூடாரம் மழையில் சரியாக விரியாமல், குடும்பமே நனைந்தது. அந்தக் கோபத்தில் அவர் செய்யவைத்த முதல் வண்டி ஆறடி அகலம், ஒன்பதடி நீளம். நடுவே ஒடுங்கிய நடைபாதை, இருபுறமும் அலமாரியும் அடுப்பும் ஐஸ்பெட்டியும். 1930-இல் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். சில வருடங்களில் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர் ஆகிவிட்டார். நனைந்த ஒருவர் வரைந்த அறை அது. அதில் வீணான ஓர் அங்குலமும் எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை எல்கார்ட்டுக்கு அருகில் ஒரு முகாமில் தங்கினோம். எங்களுக்கு இரண்டு வண்டி தள்ளி, முட்டை வடிவில் சின்னதாய் ஒரு ஷாஸ்டா. 1950-களின் வண்டி. முதிய தம்பதி அதைத் தாங்களே புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கதவைக் கடந்து போகும்போது ஒரு வாசனை வந்து என்னை நிறுத்திவிட்டது. அரக்கு. அவல் போலத் தகடு தகடாக இருக்கும் அரக்கை அப்பா ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பஞ்சைத் துணியில் பொதிந்து, மேசையில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பாரே, அதே வாசனை. ஓஹையோ ஆற்றுக்கும் மிச்சிகன் ஏரிக்கும் நடுவில் எங்கள் பட்டறை எப்படி வந்தது?

அந்த அம்மாள் உள்ளே வரச் சொன்னார். சுவரும் கூரையும் பிர்ச் மரப் பிளைவுட், தேன் நிறத்தில். அந்தக் காலத்து வண்டிகளுக்கு அரக்குப் பூச்சு என்பதால் தாங்களும் அதையே பூசுவதாகச் சொன்னார். அந்த நாளில் உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது, காட்டு மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரப்பது என்று மகளை மொழிபெயர்க்கச் சொல்லிச் சொன்னேன். அவர் சுவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மழை ஒழுகிக் கெட்டுப்போன ஒரு பலகையைக் கழற்றி அதே அளவில் புதியது வெட்டிப் போட்டிருந்தார்கள். பொருத்திய இடத்தைக் காட்டினால்தான் தெரிந்தது. மேசையை இறக்கி இரண்டு பெஞ்சுக்கு நடுவே வைத்தால் கட்டில். அனுமதி கேட்டு, ஓர் இழுப்பறையை உருவிக் கவிழ்த்தேன். அடிப்பலகையில் பென்சிலால் ஓர் எண், பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. எழுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு தச்சர் எந்தப் பக்கம் முன்னே வரவேண்டும் என்று தனக்காகப் போட்டுக்கொண்ட குறி. அப்பாவும் இப்படித்தான் போடுவார், அம்புக்குப் பதிலாக ஒரு சுழி.

மறுநாள் ஊர் திரும்பும் வழியில் டிரெய்லர் விற்கும் ஓர் இடத்தில் நிறுத்தினோம். வெள்ளையும் சாம்பலுமாக வரிசை வரிசையாக வண்டிகள். "என்ன அத்தை, எதைப் பார்க்கலாம்?" என்றார் மாப்பிள்ளை. "நிறத்தை விடுங்க. இழுப்பறையை வெளியே எடுங்க. அடுப்புக்கு மேல ஓரத்தை நகத்தால நெருடிப் பாருங்க. கூரை ஜன்னலைத் திறந்து உள்ளே மூச்சு இழுத்துப் பாருங்க. ஒரு பலகை கெட்டா அதை மட்டும் தனியா கழற்றி மாத்த முடியுமான்னு கேளுங்க" என்றேன். மகள் ஜன்னல்களைத் திறக்கப் போனாள். மாப்பிள்ளை முட்டி போட்டு உட்கார்ந்து, முதல் இழுப்பறையை உருவிக் கவிழ்த்து, அதன் அடியைத் தடவிக்கொண்டிருந்தார்.