அத்தையின் சீட்டுப் பணம்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் சேர்வராயன் மலை தெரியும். 45 வருஷமாக வடாம் காயப்போடும்போதெல்லாம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், ஏற்காட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை என்றால் நம்புவீர்களா? சேலத்திலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர்தான். 20 கொண்டை ஊசி வளைவுகள். தறியை விட்டு எழுந்திருக்க அவருக்கு நேரம் ஏது?

2025 டிசம்பரில், அரைப் பரீட்சை லீவின்போது, சீட்டு எடுத்த பணம் 15,000 ரூபாயை என் கையில் வைத்தார். "எல்லாரும் போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு வரலாம். ஓட்டல் வேண்டாம். எனக்கு அடுப்படி இருக்கணும்."

போனில் ஒரு பங்களா அகப்பட்டது. ஓர் இரவுக்கு 4,500. ஆகக்கூடி 9,000 என்று நான் மனக்கணக்குப் போட்டு மகிழ்ந்துபோனேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தால் தொகை 12,362! வீட்டைத் துடைத்துப் பெருக்க 1,200. ஆப் கம்பெனிக்குச் சேவைக் கட்டணம் 1,400. வாடகைக்கும் துடைப்பதற்கும் சேர்த்து 5 சதவீத வரி 510. சேவைக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் 252. அதற்கு மேல் முன்பணம் 5,000, காலி செய்யும்போது திருப்பித் தருவார்களாம்.

நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. அந்த மட்டில் எங்களுக்கு அதிர்ஷ்டம்தான்!

மறுநாள் வீட்டுக்காரரே பேசினார். "ஆப் எதுக்கும்மா? நேரா எனக்கு 9,000 அனுப்பிடுங்க. வரி கிடையாது." அவர் சொன்னதில் பொய்யில்லை. வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆப் வழியாகப் போனால் வரியை அந்தக் கம்பெனி கட்டியாக வேண்டும். என் கணவருக்குச் சபலம் தட்டிவிட்டது.

"ரசீது குடுப்பாரா?" என்று கேட்டார் அத்தை.

"அதெல்லாம் நம்பிக்கைதானுங்க" என்று பதில் வந்தது.

"நம்பிக்கையிலே பாவு குடுத்து நான் ஏமாந்தது போதும்" என்று சொல்லி, குறைந்த 2,362 ரூபாயை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து வந்தார். அந்த டப்பா விஷயம் எனக்கு அன்றுதான் தெரியும்!

ஒப்பந்தம் இங்கிலீஷில் நாலு பக்கம். என் பையன் உரக்கப் படித்தான். ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது. ஏழு நாளைக்கு முன் ரத்து செய்யாவிட்டால் ஒரு பைசா திரும்பாது. சாமான் சேதமானால் முன்பணத்தில் பிடித்தம்.

"போனவுடனே ஒவ்வொரு சாமானையும் போட்டோ பிடிடா" என்று அவனுக்கு உத்தரவாயிற்று. எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. விருந்துக்குப் போன வீட்டில் தட்டைத் திருப்பிப் பார்ப்பது போலல்லவா?

கிளம்புகிற காலையில் காவல்காரர், "கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. 2,000 கழிக்கச் சொல்றார் ஐயா" என்றார். பையன் போனை நீட்டினான். வந்த அன்று மத்தியானம் எடுத்த படம், அதே விரிசல். அரை மணி நேரத்தில் 5,000 ரூபாயும் வந்துவிட்டது.

முதல் நாள் ராத்திரி லேடீஸ் சீட்டில் நின்றுகொண்டு, கீழே மினுமினுத்த சேலத்தை அத்தை வெகு நேரம் பார்த்தார். "இதிலே நம்ம அம்மாபேட்டை எதும்மா?" என்று கேட்டார். நான் ஏதோ ஒரு விளக்கைக் காட்டினேன்.