ஐம்பது கேள்விகளில் இல்லாத வேலை

சென்ற ஆண்டு, 43 வயதில், பள்ளி நிர்வாகத் துறையில் முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். டெங்கிலில் குடியிருக்கிறேன். சிறிய தமிழ்ப்பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியையாக வேலை. செய்தியைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "படிச்சு முடிச்சா பெரிய வாத்தியாரா ஆயிருவியா?"

"இல்லம்மா. அதுக்கு இது வேணாம்."

உண்மைதான். நம் நாட்டில் தலைமையாசிரியராக வர விரும்புபவர் 'என்பிகியூஇஎல்' எனும் தலைமைத்துவப் பயிற்சியை முடிக்க வேண்டும். 1979-இல் தொடங்கப்பட்ட அமினுடின் பாக்கி கழகம் அதை நடத்துகிறது. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. பிறகு எதற்கு இது என்று அம்மா கேட்டார். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. பதில் இல்லாமலேயே படிவத்தை நிரப்பியதுதான் நான் செய்த முதல் தவறு.

சான்றிதழ் நகல்கள், முதுகலை மதிப்பெண் பட்டியல், பரிந்துரை தர இருவர். இவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் திரட்டிவிட்டேன். எஞ்சியது ஆய்வு முன்வரைவு. அதற்கு ஒரு சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்க அறிஞர் பிலிப் ஹாலிங்கர் 1980-களில் உருவாக்கிய வினாப்பட்டியல் ஒன்று உண்டு. தலைமையாசிரியர் கற்பித்தலை எப்படி வழிநடத்துகிறார் என்பதை மூன்று கூறுகளாகவும் பத்துப் பணிகளாகவும் பிரித்து, 50 கேள்விகளில் அது அளக்கிறது. மலேசியாவிலும் பலர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிலாங்கூர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் அதைக் கொடுப்பேன். விடைகளைக் கணினியில் போட்டு அட்டவணை எடுப்பேன். இதுதான் என் திட்டம். தலைப்பை மட்டும் நல்ல மலாயில், பெரிய பெரிய சொற்களாகப் போட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. ஏற்கவில்லை.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. இருபது ஆண்டு பள்ளியில் குப்பை கொட்டியவளுக்குப் பள்ளி நிர்வாகம் படிக்கத் தகுதியில்லையா என்று கோபம் வந்தது. நான்காம் நாள், முதுகலையில் எனக்கு வழிகாட்டிய, இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்ட விரிவுரையாளரை அழைத்தேன். முன்வரைவைப் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நேத்து காலையிலேருந்து பள்ளி முடியுற வரைக்கும் உங்க பெரிய வாத்தியார் என்னென்ன செஞ்சார்? வரிசையா எழுதி அனுப்புங்க."

எழுதினேன். பள்ளி வேன் வராததால் தம் காரிலேயே போய் நான்கு பிள்ளைகளை ஏற்றி வந்தார். பயிற்சிக்குப் போன ஆசிரியைக்குப் பதிலாக மூன்றாம் ஆண்டுக்குக் கணிதம் நடத்தினார். மகனின் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் என்று வந்த ஒரு தாயோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, எந்த அலுவலகத்துக்குப் போவது, என்னென்ன எடுத்துப் போவது என்று எழுதிக் கொடுத்தார். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். பள்ளி முடிந்ததும் பக்கத்துத் தாமானில் உள்ள பாலர் பள்ளிக்குப் போனார். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர வேண்டிய நம் பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கத்தான்.

"இதுல எத்தனை வேலை உங்க ஐம்பது கேள்வியில வருது?" என்றார் அவர்.

எண்ணிப் பார்த்தேன். கணிதம் நடத்தியதை எப்படியோ ஒன்றில் பொருத்தலாம். மற்றவற்றுக்கு இடமில்லை.

வினாப்பட்டியல் மீது குற்றமில்லை. கேட்க வந்ததை அது ஒழுங்காகக் கேட்கிறது. ஆனால், நாளைக்கும் இந்தப் பள்ளி இங்கே இருக்கும் என்று அது நம்பிக்கொண்டு கேட்கிறது. நம் தலைமையாசிரியர் பலருக்கு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதே முதல் வேலை.

இதன் வேர் பழையது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. தோட்டம் இருந்ததால் பள்ளி வந்தது. தோட்டம் போனால் பள்ளியும் ஆட்டம் காணும். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. 150 மாணவர்களுக்கு மேல் இல்லாத பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கிறது அமைச்சு. தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை ஏராளம்.

டெங்கில்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் திறந்த தோட்டம் பிராங் பெசார். 'பெரும் போர்' என்றுதான் அதற்குப் பொருள். அந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அங்கிருந்தும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தும் 1990-களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா பால்மரம் வெட்டியவர்.

அன்றிரவு, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு எங்கள் லயத்து வாசல் நினைவுக்கு வந்தது. எனக்கு ஆறு வயதிருக்கும். எங்கள் பெரிய வாத்தியார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேநீரைக் குடிப்பார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எத்தனை வயது, கடைசி வீட்டுக்காரர் மாறிப் போகிறாராமே, தங்கச்சிக்குச் சூராட் பெரானா எடுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஊர்க்கதை பேச வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அடுத்த ஆண்டு வகுப்பை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது முப்பத்தேழு ஆண்டு கழித்து, அந்தச் சமையலறை மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

முன்வரைவை முதலிலிருந்து எழுதினேன். அட்டவணை போயிற்று. சிறிய பள்ளிகள் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு அவற்றின் தலைமையாசிரியர்களோடு இருந்து, அவர்கள் நேரம் எதற்குப் போகிறது என்று பதிவு செய்வது. பழைய பள்ளிக் குறிப்பேடுகளைப் புரட்டி, முன்பு இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒப்பிடுவது. ஆய்வேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும். குறிப்பெடுப்பது மட்டும் தமிழில் என்று முடிவு செய்துகொண்டேன். 'பெரிய வாத்தியார்' என்ற சொல்லில் இருக்கும் உரிமையும் மரியாதையும் வேறு மொழியில் உடனே அகப்படுவதில்லை.

இம்முறை நேர்காணலுக்கு அழைத்தார்கள். "எதற்கு இந்த ஆய்வு?" என்றார் ஒரு பேராசிரியர். பள்ளியைக் காப்பாற்றவே பாதி நாள் போய்விடும் ஒருவரைக் கற்பித்தலில் மட்டும் அளந்தால், அவர் எப்போதும் குறைந்தவராகவே தெரிவார் என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் இடம் கிடைத்த கடிதம் வந்தது.

அமைச்சின் உபகாரச் சம்பளத்துக்கு முயன்று கல்வி விடுப்பில் போகலாம். மகளுக்கு இந்த ஆண்டு எஸ்பிஎம். பள்ளியிலோ ஆள் பற்றாக்குறை. பகுதி நேரம் என்று கையெழுத்துப் போட்டேன். எத்தனை ஆண்டாகும் என்று நினைத்தால் வயிறு கலங்கத்தான் செய்கிறது. பள்ளிகளுக்குள் போக அமைச்சின் அனுமதி வேறு வாங்க வேண்டும்.

விண்ணப்பிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். படிவத்தைத் திறக்கும் முன் உங்கள் பள்ளியின் ஒரு நாளை ஒரு தாளில் எழுதுங்கள். ஆய்வு அதில்தான் இருக்கும்.

கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். லயத்து வாசல் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவர் பேரப் போடுவியா?"

"ஆய்வுல யார் பேரையும் போடக் கூடாதும்மா. ஆனா, அவர் செஞ்ச வேலையப் போடுவேன்."

"சைக்கிளையும் போடு" என்றார் அம்மா.