வெளியே வருகிற கிரீஸ்

கிரீஸ் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியை எண்ணுகிறார்கள். நாலு அடி, ஐந்து அடி, அடுத்த நிப்பிள். நான் எண்ணுவதில்லை. கிரீஸ் எந்த வழியாக வெளியே வருகிறது என்றுதான் பார்ப்பேன். டிராக்டரின் முன் அச்சின் புஷ் விளிம்பில் முதலில் கறுப்பாக வரும், விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் நெறுநெறுக்கும். அப்புறம் சாம்பல் நிறமாகும். கடைசியில் டப்பாவில் இருக்கிற அதே நிறத்தில் பிதுங்கும். அது வந்த பிறகுதான் அடுத்த நிப்பிளுக்கு நகர்வேன்.

புணே பக்கத்துக் கடக்வாஸ்லாவில் இதற்கு மதிப்பு கூடும் காலம் ஜூன், ஜூலை. அணைத் தண்ணீர் கால்வாய் வழியாகக் கிழக்கே தவுண்டுக்கும் இந்தாபூருக்கும் போய்விடுகிறது. சிங்ககட் அடிவாரத்திலும் மேற்கே மலைப் பக்கத்திலும் மழையை நம்பித்தான் நெல். நம் ஊரில் சேடை ஓட்டுவது போல இங்கேயும் கேஜ் வீல் மாட்டி வயலைக் கலக்குவார்கள். முன் சக்கரம் பாதிக்கு மேல் சேற்றில் கிடக்கும். என் கைக்கு வருவதெல்லாம் பழைய வண்டிகள். அவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது மாஸி பெர்குசன் 1035. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பிறந்த 35-இன் வழியில் வந்து, சென்னை செம்பியத்தில் டாஃபே செய்த வண்டி. சென்னையில் வார்த்த இரும்பை சஹ்யாத்ரி சேற்றில் தொட்டு வேலை செய்யும்போது எனக்குள் ஒரு உரிமை வந்துவிடுகிறது.

இந்த வயசு வண்டிகளின் கிங் பின், சென்டர் பின் போன்ற இடங்களில் தண்ணீரைத் தடுக்கும் அளவுக்கு சீல் கிடையாது. இருந்த ரப்பரும் எப்போதோ பொடிந்திருக்கும். விளிம்பில் வளையமாக நிற்கும் கிரீஸ்தான் அங்கே சீல். அதனால்தான், அடித்து முடித்ததும் எல்லாவற்றையும் பளபளவென்று துடைத்துவிடும் பையன்களைத் தடுப்பேன். துடைக்க வேண்டியது நிப்பிளை, அதுவும் அடிப்பதற்கு முன்னால். அதன் தலையில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் கிரீஸ் கன்னைப் பொருத்தினால், அந்த மண்ணை நாமே அழுத்தத்தோடு புஷ்ஷுக்குள் அனுப்புகிறோம். விளிம்பு வளையத்தை விட்டுவிட வேண்டும். அழுக்காகத் தெரியும், தெரியட்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது, முன் அச்சை நடுவில் வண்டியோடு கோக்கும் சென்டர் பின். வண்டியின் முன்பாரம் முழுவதும் அதன்மேல். ஆனால் அது சுற்றாது; மேடு பள்ளத்தில் அச்சு சில டிகிரி மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். முழுச் சுற்று சுற்றும் பேரிங் கிரீஸைத் தானே இழுத்துப் பரப்பிக்கொள்ளும். இந்தப் பின்னுக்கு அது முடியாது. பாரம் விழும் அடிப்பக்கத்தில் இருந்த கிரீஸ் நசுங்கி வெளியேறிவிட்டால் அங்கே இரும்பும் புஷ்ஷும் நேருக்கு நேர். வண்டி நின்ற நிலையில் அடித்தால் புதுக் கிரீஸ் சுலபமான வழியாக மேல் இடைவெளியில் ஓடி வெளியே வந்துவிடும். பார்ப்பவருக்குத் திருப்தியாக இருக்கும், தேய்கிற இடத்துக்கோ ஒரு துளி போயிருக்காது. ஆகவே பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்குவேன். ஜாக்கி அச்சுக்கு அடியில் போகக் கூடாது, பாரம் அப்படியே இருக்கும். என்ஜினைத் தாங்கும் முன் வார்ப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தால் அச்சு தொங்கும், அடியில் இடைவெளி திறக்கும். அப்போது அடித்துவிட்டு, அச்சைக் கையால் இருபுறமும் ஆட்டிவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும்.

கொஞ்சமாக ஆடி நிறையச் சுமக்கும் இந்த ஜாதிப் பின்னை அணைகளிலும் பார்க்கலாம். விஸ்வேஸ்வரய்யா தன் தானியங்கிக் கதவுகளை 1903-இல் முதலில் பொருத்தியது கடக்வாஸ்லா அணையில்தான், ஆகவே கதவுப் பேச்சு இந்த ஊருக்குப் புதிதல்ல. வளைவுக் கதவுகள் தண்ணீரின் முழுப் பாரத்தையும் இரு ஓரத்துப் பின்களில் இறக்கி, அவற்றின்மேல் திரும்புகின்றன. கலிபோர்னியாவின் ஃபோல்சம் அணையில் 1995 ஜூலை 17 அன்று, திறந்துகொண்டிருந்த மூன்றாம் கதவு முறிந்து, நொடிக்கு 40,000 கன அடித் தண்ணீர் பாய்ந்தது. விசாரணை போய் நின்ற இடம் அந்தப் பின். அதன் உராய்வை வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை. அதன்மேல் துரு ஏறியது. கிரீஸ் அடிக்கும் இடைவெளியும் வருஷங்களில் நீண்டுபோயிருந்தது. வயல் டிராக்டரில் இத்தனை விபரீதம் வராது. ஆனால் காய்ந்த பின் எப்படிப் பிடித்துக்கொள்ளும், தன் கஷ்டத்தை எப்படி அடுத்த உறுப்பின் தலையில் ஏற்றும் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

நிப்பிள் கிரீஸை வாங்க மறுத்தால் உடனே பலத்தைக் காட்டக் கூடாது. கைக் கன்னே சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் தரும். வெடித்த குழாயின் ஓட்டையில் விரலை வைத்தால் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. நிப்பிளைக் கழற்றிப் பார்ப்பதே நல்லது. தலையிலுள்ள குண்டுமணி துருவேறிச் சிக்கியிருந்தால் புது நிப்பிள் போட்டால் தீர்ந்தது, விலை அற்பம். நிப்பிள் நன்றாக இருந்தால் அடைப்பு பாதையில். பெரும்பாலான கிரீஸ் சோப்பு பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்தான். எண்ணெய் கசிந்து போனபின் மிஞ்சும் சோப்பு மெழுகாகக் கெட்டிப்பட்டு ஓட்டையை அடைத்திருக்கும். கம்பியால் குடைந்து, டீசல் விட்டு ஊறவைத்து, ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி ஆட்டினால் மெல்ல வழி விடும். புது நிப்பிள் வாங்கும்போது மரையைக் கவனிக்க வேண்டும். பழைய இங்கிலாந்து வடிவ வண்டிகளில் கால் இஞ்ச் மரை வரும் இடத்தில் 6 மில்லிமீட்டர் நிப்பிள் தொளதொளவென்று ஏறிவிடும், அழுத்தம் வந்ததும் தெறிக்கும்.

டப்பாவை மாற்றும்போதும் யோசனை வேண்டும். லித்தியம் கிரீஸ் போட்ட இடத்தில் களிமண் அடிப்படைக் கிரீஸைக் கலந்தால் பெரும்பாலும் இரண்டும் இளகி வழிந்துவிடும். மாற்றியே ஆக வேண்டுமானால் பழையது முழுக்க வெளியேறும்வரை அடிக்கத்தான் வேண்டும். முன் சக்கர ஹப்புக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அங்கே ஆயில் சீல் இருக்கிறது. ஹப்பின் உள்பக்கத்தில் கிரீஸ் வருகிறதென்றால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கையால் கிரீஸ் அடைத்து, புது சீல் போட வேண்டும்.

"வாரம் ஒரு தடவை போதுமா காகா?" என்று டிரைவர் பையன்கள் கேட்பார்கள். காய்ந்த நிலத்தில் வேலை என்றால் போதும். சேற்றில் இறங்கிய நாளில் போதாது. அன்றன்றைக்கே அடிக்க வேண்டும், அதுவும் மறுநாள் காலையில் அல்ல, வயலை விட்டு ஏறிய அன்று மாலையே. புஷ்ஷுக்குள் புகுந்த தண்ணீர் ராத்திரி முழுக்க அங்கே உட்கார்ந்தால் விடிவதற்குள் பின்னில் துரு பிடிக்கத் தொடங்கும். மூட்டில் இளஞ்சூடு மிச்சமிருக்கும்போது பழைய கிரீஸும் இளகியிருக்கும். கன்னை அழுத்தினால் முதலில் பால் போல வெளுத்த குழம்பு வரும், அதுதான் தண்ணீர் கலந்த கிரீஸ். அது நிற்கும்வரை அடி என்று சொல்லிக் கன்னை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.