குண்டு எட்டிய தூரம்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆறு கடலைச் சேரும் இடத்துக்கு அருகே புனித டேவிட் கோட்டையின் மிச்சச் சுவர்கள். 1690இல் சென்னை ஆளுநர் எலைஹு யேல் இதைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வாங்கினார். ஒப்பந்தப்படி, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள ஊர்களும் கம்பெனிக்கே. அவை குண்டு கிராமங்கள் ஆயின.

சுவரோரம் நின்றே கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கதையைக் கேட்டேன். யேல், கிளைவ், 1758இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தது எல்லாம் மளமளவென்று வந்தன. குண்டு விழுந்த ஊர்க்காரர்களைப் பற்றிக் கேட்டால் அச்சம், குழப்பம் என்று எந்த ஊருக்கும் ஒட்டுகிற சொற்கள். கம்பெனியார் எழுதிவைத்ததுதானே அதற்குக் கிடைத்திருக்கிறது.

குண்டு உப்பலவாடிக்குப் போனேன். திண்ணையில் இருந்த ஆயாவிடம் அனுமதி கேட்டுப் பதிவைத் தொடங்கினேன். “வெள்ளக்காரன் சுட்ட குண்டு இங்க வந்து விழுந்துச்சுன்னு எங்க ஆயா சொல்லும் தம்பி. அத வுடு. சுனாமி அன்னிக்கு தாழங்குடா பக்கம் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு தெரியுமா?” என்று கை நீட்டிக் காட்டத் தொடங்கினார். யார் வீடு, எந்தத் தென்னை, எந்த மேடு என்று ஒவ்வொன்றாக. ஊர் நினைவில் நிற்கும் எல்லைக்கோடு அதுதான். எந்த ஆவணமும் அதை இப்படிச் சொல்லாது. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

பேச்சை எழுத்தாக்கும் செயலி பெரும்பாலும் சரியாகவே எழுதியது. ஆட்கள் பெயரில் தடுமாறியது. ‘வுடு’வை ‘விடு’ ஆக்கியது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் மக்கள் குரல்களைத் திரட்டுவது இந்தக் குறையைத் தீர்க்கத்தான். கடலூர்க் கரையோரப் பேச்சும் அதில் நிறையச் சேர வேண்டும்.

மறுநாள் சிதம்பரம் போனேன். அங்கே தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கரையான் அரித்தது போக மீதியை நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மீட்டார்கள் என்பது மரபு. 2007இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட மின்வடிவத் தேவாரத்தில் பாடலோடு ஓதுவார் குரலும் தல வரைபடமும் உண்டு. குண்டு கிராமங்களுக்கும் இப்படியொன்று செய்யலாம்: வரைபடத்தில் ஊரைத் தொட்டால் முதலில் ஆயாவின் குரல், திருத்தாமல், யேலின் ஒப்பந்தம் அதற்கடுத்து. எழுத்தாக்கவும் தேடித்தரவும் இயந்திரம் இருக்கட்டும். கதை சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.