பொலோன்யாவில் கோழிக்கு இடம் உண்டா?

இத்தாலியில் பொலோன்யா நகரத்துக்கு மூன்று பட்டப்பெயர்கள். படித்த ஊர், சிவப்பு ஊர், குண்டு ஊர். 1088-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் இருப்பதால் முதல் பெயர். கூரையும் சுவரும் செங்கல் நிறம் (அரசியலும் ரொம்ப காலம் அதே நிறம்தான்), அதனால் இரண்டாவது. மூன்றாவதுக்கு விளக்கமே தேவையில்லை. எந்தச் சந்தில் திரும்பினாலும் கடை வாசலில் பன்றித்தொடை தொங்குகிறது.

என் சிக்கல் அந்த மூன்றாவது பெயரில்தான். கோழி, மீன், முட்டை வரைக்கும் வருவேன். மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. இப்படி ஒரு ஆள் அந்த ஊருக்குப் போவது, குடிக்கிற பழக்கமே இல்லாதவன் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போன கதைதான் என்று நண்பர்கள் ஓட்டினார்கள். இருந்தாலும் 2024 பிப்ரவரியில், ஃபுளோரன்ஸிலிருந்து ரயில் ஏறிவிட்டேன். விரைவு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

தனியாகச் சுற்றினால் விலைப்பட்டியலைப் பார்த்து முழிப்பதிலேயே நாள் போய்விடும் என்று உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேரை முன்பே பேசி வைத்திருந்தேன். ஒருவர் உரிமம் வாங்கிய வழிகாட்டி. இன்னொருவர் தன் வீட்டிலேயே மாவு தேய்க்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பாட்டி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் என் தலைக்கு மேலே அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்த மாதிரி எனக்கு ஒரு பிரமை.

வழிகாட்டி முதலில் இரட்டைக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனார். அசினெல்லி 97 மீட்டர். பக்கத்தில் கரிசெண்டா, 48 மீட்டர்தான், ஆனால் சாய்ந்திருப்பது சும்மா பார்த்தாலே தெரியும். விழுந்துவிடும் என்ற பயத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே அதன் தலையை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2023 அக்டோபரில் சுற்றிலும் தடுப்பு போட்டு மூடினார்கள், நான் போனபோதும் மூடித்தான் இருந்தது. அதனால் அசினெல்லிக்கும் ஏற முடியவில்லை. 498 படி மிச்சம்!

அங்கே நின்றுகொண்டு அவர் சொன்ன விஷயம்தான் சுவாரசியம். டாலியாடெல்லே என்கிற நாடா மாதிரியான பாஸ்தாவின் அகலம், வெந்த பிறகு, அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு இருக்க வேண்டுமாம். கணக்குப் போட்டால் சுமார் 8 மில்லிமீட்டர். 1972-இல் இதை ஊர் வர்த்தக சபையில் முறைப்படி பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். தங்க நூடுல்ஸ்! 1974-இல் டோர்டெல்லினியின் பூரணம், 1982-இல் ராகு (கேதுவின் கூட்டாளி இல்லைங்க, கறிக்குழம்பு) என்று வரிசையாகப் பதிவு.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்டேன். உலகம் முழுக்க 'ஸ்பாகெட்டி பொலோனீஸ்' என்று ஒன்று விற்கிறதே, அது எங்கள் ஊரில் கிடையாது என்றார். இங்கே ராகு என்றால் டாலியாடெல்லேயோடுதான். 2019-இல் அன்றைய மேயரே, இந்தப் பெயரில் எங்கெங்கே என்னென்ன விற்கிறது, படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். பெயரைக் கொஞ்சம் தளர்த்தினால் தொழிற்சாலைக்காரன் கொண்டுபோய்விடுவான் என்பது வழிகாட்டியின் கட்சி.

பிறகு குவாத்ரிலாதெரோ என்கிற பழைய சந்தை. தெருப் பெயரிலேயே தொழில் இருக்கிறது: பழைய மீன்கடைத் தெரு, பொற்கொல்லர் தெரு, துணிக்காரர் தெரு. அந்தத் தொழில்களில் பல இப்போது பெயரில் மட்டும். அவற்றின் இடத்தில் மரப்பலகையில் மோர்டடெல்லா அடுக்கிக் கொடுக்கும் கடைகள், எல்லாம் என்னை மாதிரி வந்து போகிறவர்களுக்கு. வழிகாட்டி அதைக் கொஞ்சம் சலிப்போடுதான் காட்டினார். அவருடைய பிழைப்பும் அதே கூட்டத்தை நம்பித்தான். அது அவருக்கும் தெரியும்.

நான் எதைச் சாப்பிடலாம் என்று கேட்டதும், டோர்டெல்லோனி என்றார். பேரில் 'லினி'க்குப் பதில் 'லோனி'. உருவத்தில் பெரிசு, உள்ளே ரிக்கோட்டா பாலாடைக்கட்டி. (சுத்த சைவக்காரர்கள் கவனிக்க: பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்க ஊற்றுவது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். விதிமுறையே அதுதான். அது எல்லாவற்றின் மேலும் தூவப்படும்.) அப்போதுதான் 2019-இல் நடந்த கதையைச் சொன்னார். ஊரின் காவல் புனிதர் பெத்ரோனியோவின் திருவிழா அக்டோபர் 4. அந்த வருடம், பன்றி சாப்பிடாதவர்களும் கலந்துகொள்ளட்டும் என்று, வழக்கமான டோர்டெல்லினியோடு கோழி வைத்ததும் கொஞ்சம் செய்யத் திட்டம். பேராயர் ஸுப்பி மேல் பழி வந்தது. வலதுசாரித் தலைவர் சல்வீனி, எங்கள் வரலாற்றையே அழிக்கிறார்கள் என்று கிளம்பிவிட்டார். கோழிக்கு இவ்வளவு பலமா!

வழிகாட்டிக்கு சல்வீனியைப் பிடிக்காது. ஆனாலும், கோழி வைக்கட்டும், வேறு பெயர் வைக்கட்டும் என்றார். 1974 பதிவில் பன்றி இடுப்புக்கறி, பன்றித்தொடை, மோர்டடெல்லா என்று தெளிவாக இருக்கிறதே?

எனக்கு இது முழுசாக ஒப்பவில்லை. இத்தாலிய வீட்டுச் சமையலுக்கே வேதம் மாதிரி இருக்கும் ஆர்தூசியின் புத்தகம் 1891-இல் முதலில் வந்தது. அதில் பொலோன்யா டோர்டெல்லினிக்குப் பன்றித்தொடையும் மோர்டடெல்லாவும் உண்டு, இடுப்புக்கறி இல்லை. பதிலாக மாட்டு எலும்பு மஜ்ஜை. அப்படியென்றால் எது அசல்? பதிவு செய்த அன்றைக்கு எது வழக்கமோ அதுதான் அசல் ஆகிவிட்டது. ஆனால் தொழிற்சாலை பற்றி அவர் சொன்னதையும் தள்ள முடியவில்லை. ஒரு ஊரின் பெயரை டப்பாவில் ஒட்டி விற்கும்போது அந்த ஊருக்கு வலிக்கத்தான் செய்யும்.

மறுநாள் பாட்டி வீடு. பாட்டிக்கு ஆங்கிலம் வராது, கல்லூரியில் படிக்கும் பேரன் மொழிபெயர்த்தான். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கூடாது. பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கட்டை நம் பூரிக்கட்டை மாதிரி இல்லை, கை நீளத்துக்கு மேல். மரப்பலகையில்தான் தேய்க்க வேண்டும், அப்போதுதான் மாவில் சொரசொரப்பு வந்து குழம்பு ஒட்டும். தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் அதற்குள்ளே மலைமேல் இருக்கும் சான் லூக்கா கோவில் தெரிய வேண்டும் என்பது ஊர்ப் பழமொழி. 666 வளைவுகள் கொண்ட மண்டபம் ஏறிப் போக வேண்டிய கோவில் அது. பாட்டியின் மாவில் தெரிந்திருக்கும். என்னுடையதில் சந்தேகம்தான் :-)

சதுரமாக வெட்டி, பட்டாணி அளவு பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி இரண்டு முனையையும் அழுத்த வேண்டும். மாவு காய்வதற்குள் முடிக்க வேண்டும். பாட்டி பேசிக்கொண்டே, பார்க்காமலே மடித்தார்.

பூரணத்தில் என்ன என்று பயந்துகொண்டே கேட்டேன். கோழி. வழக்கமாக இதை மாட்டு எலும்பும் சேவலும் சேர்த்துக் கொதித்த சாற்றில் போடுவார்கள். நான் மின்னஞ்சலில் எழுதியதைப் பேரன் சொல்லியிருக்கிறான், அதனால் விடிகாலையிலேயே வெறும் கோழியை வைத்துச் சாறு கொதிக்கவிட்டு, அந்தக் கறியையே பார்மிஜானோ, முட்டை, ஜாதிக்காயோடு அரைத்து வைத்திருந்தார்.

இது டோர்டெல்லினிதானா, பதிவில் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்கச் சொன்னேன். பேரன் கேட்டான். பாட்டி தலை நிமிராமல் நீளமாக ஏதோ சொன்னார். அவன் சிரித்துவிட்டுச் சுருக்கமாக மொழிபெயர்த்தான்: "பதிவு பண்ணப் போனவங்க யாரும் என்கிட்ட வந்து கேட்கலை. உன் பக்கத்துல இருக்கிறது காஞ்சுக்கிட்டிருக்கு, சீக்கிரம் மடி."